செல்போனில் பச்சை, அப்பாவுக்கு மூச்சிரைப்பு

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "பதினஞ்சு நிமிஷம் பேசணும். வேலை வாய்ப்பு பத்திப் பேசறயா, புது டெக்னாலஜி பத்திப் பேசறயா?" என்று கேட்டார். வேலை வாய்ப்பு பற்றிப் பேச என்னைவிடப் பெரிய பதவியில் இருப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆகவே டெக்னாலஜி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், எனக்கு உண்மையிலேயே தெரிந்த டெக்னாலஜி எது என்று யோசித்தேன். எங்கள் வீட்டில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்வதே நியாயம் என்று பட்டது.

நான் 2006இல் இங்கே சேர்ந்தேன். அப்போது என்னிடம் இருந்தது நோக்கியா 1100. ஹாஸ்டலில் கரண்ட் போனால் டார்ச் அடிக்க அதைவிட நல்ல கருவி கிடையாது. அந்த போனுக்குக் காற்று பற்றி ஒன்றும் தெரியாது. நமக்கும் தெரியாது. ஓமலூர் ரோட்டில் பஸ் ஜன்னல் வழியே வெள்ளைக்கல் சுரங்கக் குன்றுகள் தெரியும். லாரி போனால் பின்னால் வெள்ளையாகத் தூசி எழும்பும். கைக்குட்டையை மூக்கில் வைத்துக் கொள்வோம், அடுத்த ஸ்டாப்பில் மறந்து விடுவோம். இன்று நம் எல்லோர் பாக்கெட்டிலும் காற்றின் தரத்தைச் சொல்லும் போன் இருக்கிறது. அதை நம்பி நான் எப்படி ஏமாந்தேன், பிறகு அதே போன் எப்படி உதவிற்று என்பதுதான் என் பேச்சு.

என் அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை. காமலாபுரம் பக்கம் கரும்பாலைகளில் பல வருஷம் வேலை செய்தவர். ஓமலூர் வட்டாரத்து வெல்லம் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மார்கழி பிறந்தால் பொங்கலுக்காக இரவும் பகலும் கொப்பரை கொதிக்கும். பிழிந்த சக்கையைக் காய வைத்து, அதையே அடுப்புக்குள் தள்ளி எரிப்பார்கள். அந்தச் சக்கை தள்ளும் வேலைதான் அப்பாவுக்கு. அந்தக் கூலியில்தான் என் செமஸ்டர் ஃபீஸ் கட்டினேன். ஆகவே ஆலைகளைக் குறை சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. ஆனால் அந்தப் புகை அவர் நெஞ்சிலும் கொஞ்சம் தங்கிவிட்டது. ஐம்பத்தைந்து வயதில் டாக்டர் ஆஸ்துமா என்றார். வேலையை விட்டார், இன்ஹேலர் வந்தது.

நான் அப்போது பெங்களூரில் வேலையில் இருந்தேன். மாதம் இரண்டு தடவை ஊருக்கு வருவேன். மகனாக என்ன செய்வது? இன்ஜினீயர் அல்லவா, ஒரு ஆப் போட்டேன். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' என்ற ஆப். சேலத்துக்கு என்ன எண் வருகிறது என்று தினமும் காலையில் பார்த்து, அப்பாவுக்கு போன் போட்டு, "இன்னிக்குப் பச்சைப்பா, தைரியமா வெளியே நடங்க" என்பேன். என் கடமை முடிந்தது.

2023 மார்கழியில் ஒரு விடியற்காலை. நான் ஊரில் இருந்தேன். இருமல் சத்தம் கேட்டு எழுந்து போனால், அப்பா திண்ணையில் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். தோள்பட்டை மேலும் கீழும் போகிறது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்குகிறார். நான் என்ன செய்தேன் தெரியுமா? சொல்ல வெட்கமாக இருக்கிறது. போனை எடுத்து ஆப்பைப் பார்த்தேன். பச்சை. "காத்து நல்லாத்தானேப்பா இருக்குது?" என்றேன். அவர் தலையை நிமிர்த்தி, "உம் போனுக்கு நல்லா இருக்குது கண்ணு, எனக்கு மூச்சு வரலயே" என்றார்.

அம்மாதான் இன்ஹேலரைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அதில் அடங்கவில்லை. 108க்கு போன் செய்தோம், வண்டி வந்தது. அன்று அந்த போன் செய்த ஒரே உருப்படியான வேலை 108ஐக் கூப்பிட்டதுதான்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து, போன் ஏன் பொய் சொல்லிற்று என்று யோசித்தேன். பிறகு படித்துப் பார்த்தபோது, அது பொய் சொல்லவில்லை, நான்தான் தப்பாகக் கேட்டிருக்கிறேன் என்று புரிந்தது. அதைக் கொஞ்சம் விளக்குகிறேன். தம்பி தங்கைகள் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் காற்றுத் தரக் குறியீடு 2015இல் அறிமுகமானது. பூஜ்யம் முதல் 500 வரை ஓர் அளவுகோல். 50 வரை நன்று, 100 வரை திருப்தி, 200 வரை மிதம், 300 வரை மோசம், 400 வரை மிக மோசம், அதற்கு மேல் கடுமை. முதல் இரண்டுக்கும் பச்சை நிறம். எட்டு மாசுகளைக் கணக்கில் எடுத்து, அதில் எது மிக மோசமோ அதையே குறியீடாகக் காட்டுகிறார்கள். நம் நுரையீரலுக்கு முக்கியமானது பி.எம். 2.5 என்னும் நுண்துகள். 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ளது. ஒரு தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் பிடித்துக் கொள்ளும். இது நேரே நுரையீரலின் அடி வரைக்கும் போய்விடும்.

இந்த எண்ணில் இரண்டு விஷயங்களை நான் கவனிக்கவில்லை. முதலாவது, தூரம். என் போனில் வந்த எண் சேலம் சோனா கல்லூரி வளாகத்தில் இருக்கும் அளவு நிலையத்தின் எண். அது அந்த இடத்துக் காற்றைத்தான் அளக்கும். எங்கள் வீட்டுத் திண்ணை அங்கிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல். நடுவில் எத்தனையோ அடுப்பு, எத்தனையோ லாரி.

இரண்டாவது, நேரம். நுண்துகளுக்கு அவர்கள் போடுவது 24 மணி நேரச் சராசரி. ஒரு கணக்கு போடுவோம். ஒரு இடத்தில் 22 மணி நேரம் ஒரு கன மீட்டர் காற்றில் 30 மைக்ரோகிராம் இருக்கிறது. விடியற்காலை இரண்டு மணி நேரம் மட்டும் 300 இருக்கிறது. இருபத்திரண்டு முப்பது 660, இரண்டு முந்நூறு 600, கூட்டினால் 1260. இருபத்து நாலால் வகுத்தால் 52.5. நம் நாட்டின் 24 மணி நேர வரம்பு 60. ஆகவே அந்த நாளுக்கு 'திருப்தி' என்று பச்சை விழும். அந்த இரண்டு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்தவருக்குத் திருப்தியா? போதாக்குறைக்கு, உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 24 மணி நேரத்துக்கு 15 என்று சொல்கிறது. நம் பச்சைக்குள்ளேயே அதை எத்தனை முறை தாண்டிவிடலாம் பாருங்கள்.

மார்கழி விடியற்காலையில் நம் ஊர் நிலவரம் இன்னும் கஷ்டம். சேலம் நகரைச் சுற்றி நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, கொஞ்சம் தள்ளிச் சேர்வராயன். குளிர்காலத்தில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துப் படுத்துவிடுகிறது. மேலே இருக்கும் காற்று அதைவிடச் சூடாக இருப்பதால் புகை மேலே ஏற வழியில்லை, மூடி போட்ட பாத்திரம் மாதிரி. வெயில் ஏறிய பிறகுதான் மூடி திறக்கும். நானோ விடியற்காலை நடந்தால் உடம்புக்கு நல்லது என்று அப்பாவை அந்த நேரத்தில் வெளியே அனுப்பிக் கொண்டிருந்தேன்.

சரி, ஊர் எண் உதவாது, வீட்டுக்கென்று ஒரு கருவி செய்வோம் என்று ஆரம்பித்தேன். ஒரு சின்ன பெட்டி. உள்ளே ஒரு குட்டி ஃபேன் காற்றை இழுக்கும். லேசர் ஒளி குறுக்கே பாயும். துகள் பட்டால் ஒளி சிதறும். அந்தச் சிதறலை ஒரு சென்சார் எண்ணி, வைஃபை வழியாக என் போனுக்கு அனுப்பும். மொத்தச் செலவு ஒரு நல்ல செல்போன் விலையில் பாதிகூட வராது. கொல்லைப்புறச் சுவரில் மாட்டிவிட்டு வெற்றி வீரனாகப் பெங்களூர் போனேன்.

முதல் வாரமே மண்ணைக் கவ்வினேன். ஒரு நாள் காலையில் எண் தாறுமாறாக ஏறிற்று. பதறிப் போய் போன் செய்தால் அம்மா, "ஒண்ணுமில்ல கண்ணு, பனி கொட்டுது" என்கிறார். காற்றில் ஈரம் அதிகமானால் துகள்கள் தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும், பனித்துளியும் சேர்ந்து ஒளியைச் சிதறடிக்கும். பெட்டிக்குப் பனிக்கும் புகைக்கும் வித்தியாசம் தெரியாது. இன்னொரு குறையும் கண்டேன். கிரஷர் தூசி மாதிரி பெரிய துகள்களை இந்த மலிவு சென்சார் சரியாகப் பிடிக்காது. கண்ணுக்குத் தெரியும் தூசியில் அது பாதிக் குருடு. கல் உடைக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா துகள்தான் சிலிகோசிஸ் என்ற தீராத நோயைத் தருகிறது. எது சிலிக்கா, எது சாதாரண மண் என்று இந்தப் பெட்டி ஒருநாளும் சொல்லாது. ஆகவே என் பெட்டி காட்டிய எண் எதையும் இந்த மேடையில் சொல்லப் போவதில்லை. தரமான கருவியின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத் திருத்தாத எண்ணைச் சபையில் சொல்வது இன்ஜினீயருக்கு அழகல்ல.

இந்த நிலையில்தான் அப்பாவைப் பார்க்கும் டாக்டர் ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்தார். பீக் ஃப்ளோ மீட்டர். விலை சில நூறு ரூபாய். பேட்டரி கிடையாது, வைஃபை கிடையாது. மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்து ஒரே வேகத்தில் ஊதினால் முள் நகர்ந்து நிற்கும். மூன்று தடவை ஊதி, அதிகமானதை எழுத வேண்டும். நன்றாக இருக்கும் நாட்களில் அவரால் ஊத முடிந்த உச்சத்தை நூறு என்று வைத்துக் கொண்டால், 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பச்சை, 50க்கும் 80க்கும் நடுவில் மஞ்சள், 50க்குக் கீழே சிவப்பு, உடனே ஆஸ்பத்திரி. "இதுவும் ஒரு குறியீடுதான், ஆனா இது உங்க அப்பாவோட குறியீடு" என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு விளங்கிவிட்டது.

பிறகு போனுக்கு வேறு வேலை கொடுத்தேன். காலை ஆறு மணி, மாலை ஆறு மணிக்கு அலாரம். அப்பா ஊதி எண்ணை வாட்ஸ்அப்பில் குரலாகச் சொல்வார். கூடவே அன்று என்ன நடந்தது என்று ஒரு வரி. "பக்கத்துக் காட்டுல சோகை கொளுத்தினாங்க." "ரோடு போடறாங்க, தார் புகை." "இன்ஹேலர் ரெண்டு தடவை." நான் அதையெல்லாம் ஒரு பட்டியலில் போட்டு வந்தேன். "என்னையே லேபுல வெச்சுட்டயா?" என்று அப்பா சிரிப்பார். ஆஸ்துமாக்காரர்களுக்குக் காலையில் எண் இயல்பாகவே குறைவாகத்தான் இருக்கும், ஆகவே காலையைக் காலையோடுதான் ஒப்பிட வேண்டும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அப்படிப் பார்த்தபோது சில காலைகள் மட்டும் தனியாகக் கீழே விழுந்தன. பெட்டியிலும் அதே நாட்களில் ஐந்தரை மணிக்கு ஓர் ஏற்றம். பனி இல்லாத நாளிலும் ஏற்றம்.

அம்மாவைக் கேட்டேன், "காலைல அஞ்சரைக்கு என்ன பண்ணுவீங்க?" அம்மா சாதாரணமாகச் சொன்னார்: "உங்கப்பாவுக்கு வெந்நி வெப்பேன் கண்ணு. குளிர்ல பச்சைத் தண்ணில குளிச்சா நெஞ்சு கட்டிக்கும்ல?"

கொல்லையில் வெந்நீர் அடுப்பு. தென்னை மட்டை, ஈரச் சுள்ளி. பற்ற வைக்க இரண்டு பால் கவர். அப்பா அதன் பக்கத்திலேயே குளிர் காய உட்கார்ந்து கொள்வார். ஆலையையும் லாரியையும் வெள்ளைக்கல்லையும் சந்தேகப்பட்டுக் கொண்டிருந்தேன். கடைசியில் எங்கள் வீட்டு அடுப்பு. அதுவும் அப்பாவின் மூச்சுக்கு நல்லது என்று நினைத்து அம்மா மூட்டிய அடுப்பு. சமையலுக்கு கேஸ் வந்தாயிற்று, ஆகவே எங்கள் வீட்டில் விறகுப் புகையே இல்லை என்று நான் நினைத்திருந்தேன். வெந்நீருக்கு என்ன செய்கிறீர்கள் என்று அத்தனை வருஷத்தில் ஒரு தடவை கேட்கவில்லை.

இரண்டு வாரம் சோதனை செய்தோம். முதல் வாரம் வழக்கப்படி அடுப்பு, அடுத்த வாரம் கேஸில் வெந்நீர். இரண்டாவது வாரம் அப்பாவின் காலை எண் ஏறி நின்றது. இரண்டு வாரக் கணக்கு விஞ்ஞானம் ஆகாது, எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு அது போதுமாக இருந்தது. "கேஸ் காசு யார் குடுப்பா?" என்றார் அம்மா. அதற்குத்தான் மகன் இருக்கிறேன். இன்ஹேலரையும் டாக்டர் சொன்ன முறைப்படி தினமும் எடுக்கச் செய்தோம். அது பழகிவிடும், விட முடியாது என்று ஊரில் ஒரு பயம் இருக்கிறது. அந்தப் பயத்தால் மருந்தை நிறுத்துவதுதான் ஆபத்து.

நம் மாநிலத்தில் இந்த வீட்டுப் புகையைப் பல வருஷங்களாக அளந்து வருபவர் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணன். கிராமத்துச் சமையலறைகளுக்கே கருவிகளைக் கொண்டு போய் அளந்தவர்கள் அவருடைய குழுவினர். நான் தட்டுத் தடுமாறிக் கண்டதை அவர்கள் முறையாக உலகத்துக்கே காட்டியிருக்கிறார்கள்.

வெளிநாட்டிலும் சில நல்ல முயற்சிகள். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2012இல், செல்போன் மைக்கில் ஊதினாலே நுரையீரல் திறனைக் கணிக்கும் முறையைச் செய்தார்கள். 2016இல் அதையே சாதாரண போனிலிருந்து கால் செய்து ஊதினால் போதும் என்று மாற்றினார்கள். ஸ்மார்ட் போன் இல்லாதவரையும் நினைத்தார்கள் பாருங்கள், அதுதான் நல்ல இன்ஜினீயரிங். அதே நாட்டில் லூயிவில் என்ற நகரில் 2015 முதல் 2017 வரை ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆஸ்துமாக்காரர்களின் இன்ஹேலர் மேல் சின்ன சென்சார் பொருத்தி, எங்கே எப்போது மருந்து தேவைப்பட்டது என்று ஊர் வரைபடத்தில் குறித்தார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் கடலூரில் 2004இல் சிப்காட் பக்கத்துக் கிராம மக்கள் என்ன நாற்றம், எந்த நேரம், எந்தப் பக்கத்துக் காற்று என்று எழுதி வைத்தார்கள். பிளாஸ்டிக் வாளியில் பொருத்திய பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். நச்சு வேதிப் பொருட்கள் இருப்பது வெளியே வந்தது. அவர்களிடம் ஆப் கிடையாது. தேதி, நேரம், இடம் மூன்றையும் விடாமல் எழுதும் பழக்கம் இருந்தது. இன்று நம் போன் ஒரு போட்டோ எடுத்தாலே அந்த மூன்றையும் குறித்துக் கொள்ளும். குப்பை எரிப்பதோ புகைபோக்கிப் புகையோ, அப்படிக் குறித்து வைத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதினால், "எப்போ பார்த்தாலும் புகைங்க சார்" என்று சொல்வதைவிடக் கனம் இருக்கும். 1981இலிருந்தே இதற்குச் சட்டம் இருக்கிறது.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு புராஜெக்டுக்குக் காற்று அளக்கும் பெட்டி செய்பவர்கள் நிறைய. மார்க் வாங்கியதும் அது அலமாரிக்குப் போய்விடுகிறது. அந்தப் பெட்டியைத் தரமான கருவி பக்கத்தில் சில வாரம் வைத்துத் திருத்துங்கள். பனிக்கு என்ன காட்டுகிறது, வெயிலுக்கு என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள். பிறகு கல்லூரி மாடியில் ஒன்று, நம்மைச் சுற்றியுள்ள கிராமங்களில் நாலைந்து மாட்டுங்கள். ஒரு மணி நேர எண்ணைத் தமிழில், வயதானவர் படிக்கிற பெரிய எழுத்தில் போனுக்கு அனுப்புங்கள். முதல் ஐந்து பெட்டிக்கான செலவு என்னுடையது. பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கித் தேவைப்படுவோருக்கு டாக்டர் மூலமாகக் கொடுக்க என் செட் நண்பர்கள் சேர்ந்து தருவதாக, நேற்று ராத்திரி டீக்கடையில் சம்மதித்திருக்கிறார்கள். இப்போது சபையில் சொல்லிவிட்டேன், இனி அவர்கள் பின்வாங்க முடியாது!

முன்னாள் மாணவர்களுக்கும் ஒன்று. நம்மில் பலர் வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிறோம். ஊரில் அப்பா அம்மா. போனில் அவர்கள் ஊர்க் காற்றைப் பார்க்கிறோம், பச்சை என்றால் நிம்மதியாகிவிடுகிறோம். அந்த நிம்மதி நமக்குத்தான், அவர்களுக்கு இல்லை. இன்று ராத்திரி போன் செய்யும்போது, "படி ஏறும்போது மூச்சு வாங்குதா? ராத்திரி இருமல் இருக்குதா? வெந்நீருக்கு என்ன பண்றீங்க?" என்று கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

அப்பா இப்போது மார்கழியில் எட்டு மணிக்கு மேல், வெயில் வந்த பிறகுதான் நடக்கிறார். இன்று காலை நான் இங்கே கிளம்பும்போது ஊதி முடித்துவிட்டு எண்ணைச் சொன்னார். பச்சைதான். "போயிட்டு வா, ரொம்ப நேரம் பேசாதே" என்றார். அவர் பேச்சை மீறிவிட்டேன் என்று நினைக்கிறேன்.